8 மணி நேர வேலை: யார் இந்த சிங்காரவேலர்?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலப் பாதை முழுக்கக் கூட்டம். தேரடி வீதியில் வியாபாரம் சூடுபிடிக்கும். காலையில் கடை திறக்க வந்த ஊழியர் ராத்திரி வரை கால் கடுக்க நிற்பார். பௌர்ணமின்னா அப்படித்தான் என்று நாமும் கடந்து போய்விடுகிறோம். ஆனால், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ன்படி, ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை பார்த்தால், ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்த ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம்.

இதெல்லாம் முதலாளிகள் மனசு இரங்கிக் கொடுத்ததா? இல்லை. கேட்டு, போராடி, ஜெயிலுக்குப் போய் வாங்கியது. அப்படிக் கேட்டவர்களில் முன்வரிசையில் நின்றவர் ம.சிங்காரவேலர்.

மீனவக் குடும்பத்து வக்கீல்

1860 பிப்ரவரி 18 அன்று சென்னையில் மீனவக் குடும்பத்தில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் படித்து, சட்டமும் முடித்து, உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் ஆனார். வசதியான வாழ்க்கை. ஆனால் 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காக அந்தத் தொழிலையே விட்டார். அப்போது வயது 61. மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில் இவர் தொழிலாளர்களோடு களத்தில் இறங்கினார்.

அன்றைக்கு நிலைமை எப்படி இருந்தது? 1922-ல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டமே நாளைக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் வேலை வாங்கலாம் என்றது. கடை ஊழியர்கள் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை.

இந்தியாவின் முதல் மே தினம்

மே தினத்தின் வேர் 8 மணி நேர வேலைக் கோரிக்கைதான். 1886-ல் அமெரிக்காவின் சிகாகோவில் அதற்காகத் தொழிலாளர்கள் உயிரையே கொடுத்தார்கள். அந்த நாளை இந்தியாவில் முதன்முதலாக, 1923 மே 1 அன்று சென்னையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். உயர் நீதிமன்றம் எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணி கடற்கரையிலும் கூட்டங்கள் நடந்தன. செங்கொடி ஏறியது. மே தினத்தை விடுமுறை நாளாக்க வேண்டும் என்ற கோரிக்கையும் அன்றே எழுந்தது.

1925 டிசம்பரில் கான்பூரில் நடந்த முதல் இந்தியக் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1928-ல் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது கூடவே நின்றார். விளைவு, 10 ஆண்டு சிறைத் தண்டனை. அப்போது அவருக்கு வயது 68. தண்டனை குறைக்கப்பட்டு 1930-ல் வெளியே வந்தார். வந்தும் சும்மா இருக்கவில்லை. பெரியாரின் ‘குடி அரசு’ இதழில் அறிவியலும் பொதுவுடைமையும் எழுதினார்.

பார்க்காமல் போன நாள்

1946 பிப்ரவரி 11 அன்று, 86 வயதை எட்ட ஒரு வாரம் இருக்கும்போது மறைந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், ஆண்டு முழுக்க இயங்கும் ஆலைகளுக்கு வாரம் 48 மணி நேரம் என்ற சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு கடை ஊழியர்களுக்கும் சட்டம் வந்தது. எதையும் அவர் பார்க்கவில்லை. இன்று தமிழ்நாட்டில் மே 1 சம்பளத்தோடு கூடிய விடுமுறை. சென்னை கலெக்டர் அலுவலகக் கட்டடத்தின் பெயர் சிங்காரவேலர் மாளிகை.

வாங்கிய உரிமை அப்படியே நிலைத்துவிடுமா? 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. மசோதா வாபஸ் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தது, மே 1 அன்று. சிங்காரவேலர் கொடியேற்றி சரியாக 100 ஆண்டுகள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வேலைக்கு வந்த நேரம், கிளம்பிய நேரம், ஓவர்டைம் மூன்றையும் தினமும் போனில் குறித்து வையுங்கள். சம்பளம் வந்த கணக்கைச் சேமியுங்கள். 2021 திருத்தத்தின்படி கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுப்பதும் கட்டாயம். கிடைக்கவில்லை என்றால் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுக்கலாம். தனியாகப் போகத் தயக்கமா? நாலு பேர் சேர்ந்து போங்கள். சிங்காரவேலர் செய்ததும் அதைத்தான்.