போதகர் பெஞ்சமின் மேய்ஸ்

1937ஆம் ஆண்டில் மைசூரில் தீண்டாமைக்கு ஆளான மக்களின் பள்ளியொன்றில் உரையாற்ற ஓர் அமெரிக்கக் கறுப்பினப் போதகர் அழைக்கப்பெற்றார். அவரும் ஒரு தீண்டத்தகாதவரே எனத் தலைமையாசிரியர் மாணவர்க்கு அறிமுகம் செய்தார். விருந்தினர் திடுக்குற்றார், உள்ளம் புண்பட்டார். எண்ணிப் பார்த்தபோதோ, தம் நாடு தமக்களித்த இடமும் அதுவே என்று தெளிந்தார். அவரே டாக்டர் பெஞ்சமின் மேய்ஸ்.

அடிமைகளாய்ப் பிறந்த பெற்றோரின் மகனாகத் தென் கரோலினாவில் 1894இல் தோன்றியவர். பருத்தி வேலை போக, ஆண்டில் நான்கு மாதங்களே பள்ளி. ஏர் பிடித்தால் போதும் என்றார் தந்தை; தாயோ மகனின் கல்விக்காக மன்றாடினார். உயர்நிலைப் பள்ளியை முடிக்கையில் அவருக்கு வயது 21! காலம் கடந்ததென்று படிப்பைக் கைவிட எண்ணும் நம் இளைஞர் இதனை நோக்குவாராக. 1935இல் சிகாகோ பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிற்று.

முன்னரே அட்லாண்டாவில் சபைப் போதகராயிருந்தபடியே மோர்ஹவுஸ் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், 1940 முதல் 1967 வரை அக்கல்லூரியின் தலைவராய் விளங்கினார். அவருடைய காலைச் சொற்பொழிவுகளைக் கேட்டு வளர்ந்த மாணவருள் ஒருவர் மார்ட்டின் லூதர் கிங். 1968இல் அம்மாணவரின் அடக்க ஆராதனையில் இரங்கலுரை ஆற்றும் துயரம் ஆசானுக்கே நேர்ந்தது.

ஆயினும் அவர் ஓயவில்லை. எழுபத்தைந்து வயதுக்குப் பின் அட்லாண்டா நகரக் கல்விக் குழுவின் தலைமையை ஏற்று, 1981 வரை அந்நகரப் பள்ளிப் பிள்ளைகளுக்காக உழைத்தார். 1984இல் மறைந்தார்.