மழையை மட்டும் நம்பாத காமராஜர்

சென்னை தியாகராய நகரில் திருமலைப் பிள்ளை ரோடு இருக்கிறது. அங்கே ஒரு வீடு. ஒன்பது ஆண்டுகள் முதல்-மந்திரியாக இருந்தவர் வாழ்ந்த வீடு. ஆனால் அது அவருக்குச் சொந்தம் அல்ல; வாடகை வீடு! அவர்தான் காமராஜர்.

1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி விருதுநகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை இறந்து போனார். படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் பிறந்த சீமை வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மழையும் மின்சாரமும்

1954-ல் அவர் முதல்-மந்திரி ஆனார். அப்போது ராஜ்யத்தின் மின்சாரத்தில் பெரும் பகுதி தண்ணீரில் இருந்து கிடைத்தது. பைகாரா, மேட்டூர், பாபநாசம் ஆகிய இடங்களில் மின்சார நிலையங்கள் இருந்தன. மழை பெய்தால் அணை நிரம்பும். தண்ணீர் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றும். மின்சாரம் வரும்.

மழை பெய்யாவிட்டால்?

வறட்சி ஆண்டில்தான் விவசாயிக்குப் பம்புசெட் அதிகம் தேவை. கிணற்றில் கிடக்கும் கொஞ்சம் தண்ணீரை இறைத்தால்தான் பயிர் பிழைக்கும். அந்த நேரம் பார்த்து மின்சாரமும் குறைந்து விடும். பயிர் கருகும். ஆலை நிற்கும். தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரியாது.

பூமிக்குள் புதையல்

காமராஜர் ஆட்சியில், கனடா நாட்டின் உதவியோடு நீலகிரியில் குந்தா திட்டம் எழுந்தது. ஆனால் அதுவும் மழையை நம்பியதே. மழையை நம்பாத வழி ஒன்று நெய்வேலியில் இருந்தது. 1930-களில் அங்கே ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் பழுப்பு நிலக்கரி தென்பட்டது. அதை வெட்டி எடுத்து எரித்தால், வறட்சியிலும் மின்சாரம் கிடைக்கும்.

வேலை எளிதாக இல்லை. நிலக்கரிக்குக் கீழே ஊற்று நீர் பொங்கி நின்றது. இரவு பகலாக அதை இறைக்க வேண்டும். கிராம மக்கள் தங்கள் நிலத்தையும் வீட்டையும் விட்டுக் கொடுத்தார்கள். திட்டம் வேண்டும் என்று காமராஜர் அரசு டெல்லியில் விடாமல் வாதாடியது. 1956-ல் மத்திய அரசு நெய்வேலி கார்ப்பரேஷனை அமைத்தது. 1961-ல் நிலக்கரி வெளியே வந்தது. 1962-ல் ரஷ்ய உதவியுடன் அமைந்த அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது.

1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், தியாகராய நகர் வீட்டில் காமராஜர் கண் மூடினார். இன்று அது நினைவு இல்லம்.

2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல வீடுகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. கம்பம் சாய்ந்தால், நிலையத்தில் மின்சாரம் இருந்தும் பயன் இல்லை. பூமிக்கு அடியில் செல்லும் கேபிளைக் காற்று சாய்க்காது.

வறட்சிக்கு ஒரு மாற்று வழி. புயலுக்கு ஒரு மாற்று வழி. இரண்டையும் ஆபத்து வரும் முன்பே தேடி வைக்க வேண்டும். நெய்வேலி சொல்லும் பாடம் இதுதான்.