சேணப் பட்டறைச் சிறுவன்

தகப்பனார் வேலை செய்யும் இடம் என்றாலே பிள்ளைகளுக்குத் தனி மோகம். தச்சுப் பட்டறையோ, தையற்கடையோ, பூட்டி வைத்த அலுவல் மேசையோ, எதுவானாலும் தொடாதே என்று சொல்லப்பட்ட பொருளைத்தான் நம் கை முதலில் தேடும். அப்பா வெளியே போன சமயம் பார்த்து உள்ளே எட்டிப் பார்க்காதவர் நம்மில் யார்? அவ்வாறு எட்டிப் பார்த்த மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் வரலாற்றையே இங்கு கூறப் புகுந்தோம். கண் பார்வையற்றோர் விரல் நுனியால் படிக்கும் எழுத்தை உலகுக்குத் தந்த லூயி பிரெயில்தான் அக்குழந்தை.

பிரான்சு நாட்டில், பாரிஸ் மாநகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கூவ்ரே என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1809 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் நாள் லூயி பிறந்தார். வீட்டில் நான்கு பிள்ளைகள், இவரே கடைக்குட்டி. தந்தையார் சிமோன் ரெனே குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்து கொடுப்பவர். மோட்டார் வண்டி இல்லாத காலம் அல்லவா? ஊரிலுள்ள ஏரும் வண்டியும் குதிரையை நம்பியே இருந்தன. ஆகவே தொழில் நன்றாகவே நடந்தது. வீட்டோடு சேர்ந்தே பட்டறை. தோல் வாசனை, மெழுகு பூசிய நூல், சுவரில் வரிசையாகத் தொங்கும் கத்திகள், ஊசிகள். ஒரு குழந்தையை இழுக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

1812 ஆம் ஆண்டில் ஒருநாள் குழந்தை தந்தையைப் போலவே வேலை செய்ய ஆசைப்பட்டது. ஒரு தோல் துண்டையும் கூரிய கருவி ஒன்றையும் எடுத்துக்கொண்டது. அது குத்தூசி என்று பலரும், வளைந்த கத்தி என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். எதுவாயினும் விளைவு ஒன்றே. கருவி வழுக்கிக் கண்ணில் பாய்ந்தது. அக்காலத்தில் காயம் சீழ்ப் பிடிப்பதைத் தடுக்கும் மருந்துகள் இல்லை. அடிபட்ட கண்ணிலிருந்து நோய் மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் லூயிக்கு உலகம் முழுவதும் இருண்டுவிட்டது.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று அந்தப் பெற்றோரை நினைக்க விரும்புகிறோம். லூயியின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் விபத்தைச் சொல்லிவிட்டு நேரே பாரிஸுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் நடுவே ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. வேறொரு தகப்பனார் பட்டறைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பார். மகனை ஒரு மூலையில் உட்கார வைத்து, வாழ்நாள் முழுவதும் ஊட்டி வளர்த்திருப்பார். பார்வையற்றவர் என்றால் தெருவில் பிச்சை எடுப்பவர் என்றே ஊரார் எண்ணிய காலம் அது. சிமோன் ரெனே அப்படிச் செய்யவில்லை. மகன் தடவி நடக்க ஊன்றுகோல் செய்து கொடுத்தார். எழுத்து வடிவில் ஆணிகளை அறைந்து, தடவிப் பார்த்து எழுத்துக் கற்கச் செய்தார் என்றும் சொல்வார்கள். கண்ணைப் பறித்த அதே பட்டறையில் சேணத்துக்கு வேண்டிய குஞ்சம் செய்யவும் சிறுவன் பழகினான். அந்தத் தாயாருக்கு ஒவ்வொரு நாளும் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும்!

1815 இல் பல்லுயி என்னும் குருவானவர் அவ்வூர்ப் பங்குக்கு வந்தார். சிறுவனின் கூரிய அறிவைக் கண்டு தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். பின்னர் அவருடைய முயற்சியால் ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு லூயியும் அமர்ந்தான். கேட்டதையெல்லாம் மனத்தில் பதித்துக்கொண்டு முன்னணியில் நின்றான். 1819 பெப்ருவரியில், பத்து வயதில், பாரிஸிலிருந்த பார்வையற்ற சிறுவர் பள்ளியில் உதவிச் சம்பளத்துடன் சேர்ந்தான். அப்பள்ளி இருந்த பழைய கட்டிடம் ஒரு காலத்தில் புனித வின்சென்ட் தே பவுல் தம் சபையைத் தொடங்கிய இல்லம். பெருமை இருந்ததே தவிர வெளிச்சமும் காற்றும் இல்லை, சுவரெல்லாம் ஈரம். பிற்காலத்தில் லூயியை வாட்டிய காசநோய்க்கு இந்த ஈரமே காரணம் என்பாரும் உண்டு.

பள்ளியில் புத்தகங்கள் இருந்தன. ஆனால் அவை சாதாரண எழுத்துக்களையே பெரிதாகப் புடைக்க வைத்து அச்சிட்டவை. ஒவ்வொரு எழுத்தையும் தடவி முடிப்பதற்குள் முந்தின சொல் மறந்துபோகும். எழுதவோ வழியே இல்லை. 1821 இல் பார்பியே என்பவர் புள்ளிகளால் ஆன ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டும். விரல் நுனிக்குள் அடங்காது. நிறுத்தக் குறிகளும் இல்லை.

சிறுவன் லூயி அதைப் பிடித்துக்கொண்டான். இரவிலும், விடுமுறைக்கு ஊர் வந்தபோதும் புள்ளிகளை மாற்றி மாற்றிக் குத்திப் பார்த்தான். 1824 இல் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. அப்போது வயது பதினைந்து. நம் பத்தாம் வகுப்பு வயதுதான், தோழியரே! இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று, ஆக ஆறே புள்ளிகள். அவற்றை வெவ்வேறாகச் சேர்த்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். கணக்கில் விருப்பமுள்ளவர்கள் போட்டுப் பார்க்கலாம். எழுத்து, எண், நிறுத்தக்குறி, இசைக்குறி எல்லாம் அதில் அடங்கின. எழுத்தாணியால் தாளின் பின்புறம் வலமிருந்து இடமாகக் குத்தவேண்டும். திருப்பினால் புள்ளிகள் மேடாக எழும்பி இடமிருந்து வலமாகப் படிக்க வரும். கூரிய முனையால் குத்துவது அவர் கைக்குப் புதிதல்லவே. 1829 இல் இம்முறையை நூலாக வெளியிட்டார். 1837 இல் அதைத் திருத்தி மறுமுறை வெளியிட்டார்.

லூயி அதே பள்ளியில் ஆசிரியரானார். ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகவும் விளங்கினார். ஆனால் 1840 இல் பள்ளிக்கு வந்த புதிய தலைவர் புள்ளி எழுத்தைத் தடை செய்தார். பார்வையுள்ள ஆசிரியர்களால் படிக்க முடியாத எழுத்து எதற்கு என்பது அக்காலத்தில் பலர் எண்ணம். தடை செய்ததைப் பிள்ளைகள் விட்டுவிடுவார்களா? மறைவாக எழுதினார்கள், மறைவாகப் படித்தார்கள். தலைவர் மனம் மாறி, 1844 இல் புதிய கட்டிடத் திறப்பு விழாவில் இம்முறை எல்லோர் முன்னும் செய்து காட்டப்பட்டது.

1852 ஜனவரி 6 ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, தமது 43 ஆம் வயதில் லூயி இறைவனடி சேர்ந்தார். திறக்காமல் எரித்துவிடும்படி ஒரு சிறு பெட்டியை விட்டுச் சென்றிருந்தார். வேண்டியவர்களுக்கு ஆவல் அடங்கவில்லை, திறந்துவிட்டார்கள். உள்ளே இருந்தவை அவரிடம் கடன் வாங்கிய மாணவர்களின் கடன் சீட்டுகள்! பிறகுதான் எரித்தார்களாம்.

அவர் பணி செய்த பள்ளியே அவர் எழுத்தை முறைப்படி ஏற்றது 1854 இல். 1878 இல் பாரிஸில் கூடிய உலக மாநாடும் அதை ஏற்றது. நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் 1951 இல் அமைந்தது. அதில் தமிழ் அகரத்துக்கு ஒரே ஒரு புள்ளி, இடப்புறத்து மேல் புள்ளி. பிரெஞ்சு மொழியின் முதல் எழுத்துக்கு லூயி வைத்ததும் அதுவே.

1952 இல் பிரெஞ்சு அரசு அவர் உடலை எடுத்துச் சென்று, பாரிஸில் நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்தில் வைத்தது. கைகளை மட்டும் கூவ்ரே மக்கள் தம் ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். அவர் பிறந்த வீடு காட்சியகமாக உள்ளது. சேணப் பட்டறையையும் அங்கே பார்க்கலாம்.