சகஜானந்த அடிகளாரின் கல்விப் பணி

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில், 1890-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27-ஆம் நாள், ஆதிதிராவிடக் குடும்பம் ஒன்றில் முனுசாமி என்னும் குழந்தை பிறந்தது. பின்னாளில் சுவாமி சகஜானந்தர் எனத் தமிழகம் போற்றிய பெரியார் அவரே.

இளமையில் திண்டிவனத்து மிஷன் பள்ளியில் பயின்றார். மதம் மாற இசையாமையால் அங்கே தொடர்ந்து கற்க இயலாதவரானார். பிழைப்பை நாடி அவர்தம் குடும்பம் கோலார் தங்கச் சுரங்கம் சென்றது. நிலமற்றோர் கூலி கிடைக்குமிடம் தேடிப் பெயர்ந்த காலம் அது. எனினும் அறிவு வேட்கை அவரைச் சுரங்கத்தோடு நிற்க விடவில்லை. சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சிவப்பிரகாச அடிகளை அடைந்து தமிழும் சமய நூல்களும் கற்றார். துறவு பூண்டு சகஜானந்தர் ஆனார்.

1910-இல் சிதம்பரம் வந்த அடிகளார், சுற்றுவட்டாரச் சேரிகளின் நிலையைக் கண்டார். தந்தை பண்ணையாள்; மகன் அப்பண்ணையின் மாடு மேய்ப்பவன். இம்மகனுக்குப் பள்ளி மட்டும் திறந்தால் போதாது. உணவும் உறைவிடமும் வேண்டும் என்பதை உணர்ந்தார். 1916-இல் நந்தனார் பெயரால் பள்ளியும் கல்விக் கழகமும் கண்டு, மாணவர் இல்லத்தையும் உடன் வளர்த்தார். பண்ணையாளாய் இருந்து, தில்லைக் கோயிலுள் நுழையத் தடுக்கப்பட்ட நந்தனாரின் பெயரை அவ்வூரிலேயே பள்ளிக்குச் சூட்டியது ஆழ்ந்த பொருளுடையது. 1927-இல் காந்தியடிகள் அங்கு வருகை தந்து நந்தனார் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார்.

சென்னைச் சட்டமன்றத்தில் நெடுங்காலம் உறுப்பினராய் இருந்து கல்விக்கும் ஆலய நுழைவுக்கும் வாதாடினார். 1952, 1957 தேர்தல்களிலும் சிதம்பரத்தில் வென்றார். 1959 மே முதல் நாள் மறைந்தார். அவர் விதைத்தவை இன்று அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளிகளாய் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே விளங்குகின்றன.

இவ்வரலாறு சேலம், நாமக்கல் பகுதியினராகிய நமக்கு உரைப்பது யாது? நம் ஊர்களிலும் ஏர் ஓட்டும் வேலை அருகிவிட்டது. இளைஞர்கள் லாரி பாடி கட்டும் பட்டறைக்கும், கோழிப் பண்ணைக்கும், சவ்வரிசி ஆலைக்கும், திருச்செங்கோட்டு ரிக் லாரிக்கும் செல்கின்றனர். தொழில் மாறிற்று, ஆயின் பத்தாம் வகுப்பை முடிக்காது செல்பவன் அங்கும் எடுபிடியாகவே நிற்கிறான். ஐ.டி.ஐ.யில் சேர்ந்து பற்றவைப்போ, மோட்டார் பழுதுபார்ப்போ முறையாகக் கற்று, சான்றிதழோடு செல்பவனே உரிய கூலியைக் கேட்டுப் பெற வல்லவன்.

ஆதலின், வெள்ளிவிழாக் காணும் நம் கழகம் இரு பணிகளை மேற்கொள்ளல் நன்று. படிப்பை இடையில் நிறுத்தும் பிள்ளையின் வீட்டை அந்த வாரமே நாடிச் செல்லல் ஒன்று. நிறுத்திவிட்டு வேலைக்குச் சென்றோர்க்கு மாலை வகுப்பு நடத்தித் தனித்தேர்வு எழுதச் செய்தல் மற்றொன்று. பெற்றோர்களே! இன்றைய வாரக்கூலியை எண்ணிப் பிள்ளையின் நாளையை விலை பேசாதீர்கள். அடிகளாருக்கு நாம் செலுத்தத்தக்க காணிக்கை அதுவே.