ஹிக்கின்பாதம் வாங்கிய கடை

திருப்பதியில் படிக்க வந்திருக்கும் நம்மில் பலருக்கு, இம்மண் 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது என்பதும், அம்மாவட்டத்தின் தலைநகராகச் சித்தூர் விளங்கியது என்பதும் வியப்பாயிருக்கலாம். 1860-இல் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குச் சென்றது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் அவ்வாறு கடல் கடந்தவருள் வடஆர்க்காட்டார் மிகப் பலர். ஒப்பந்தம் முடிந்தபின் சிலர் அங்கேயே காய்கறி பயிரிட்டனர். கூடை சுமந்து விற்றனர். காசு சேர்ந்ததும் சிறு கடை போட்டனர். அந்நிய நாட்டில் கடை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது இக்காட்சியே.

ஆனால் அதே சென்னைக் கடற்கரையில் எதிர்த்திசையிலிருந்து வந்திறங்கி, நம் நாட்டில் கடை வாங்கிப் பெயர் நாட்டிய ஒருவரும் உண்டு. ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் என்பது அவர் பெயர். சென்னை அண்ணா சாலை வழியே போனவர்கள் அப்பெயரைக் கடைப் பலகையில் படித்திருப்பார்கள். அதை ஒரு மனிதரின் பெயர் என்று நினைத்துப் பார்த்தவர் சிலரே.

அவருடைய இளமையைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கட்டணம் கொடுக்காமல் கப்பலில் ஒளிந்து வந்தாராம்; கண்டுபிடித்த மாலுமிகள் சென்னையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்களாம். அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நிற்கும். மசூலாப் படகில் ஏறி அலையோடு போராடித்தான் கரை சேர வேண்டும். கதை மெய்யோ பொய்யோ, கையில் பெருமுதலோடு வந்தவர் அல்லர் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் சென்னையில் நடத்தி வந்த புத்தகசாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. பெரும்பாலும் சமய நூல்கள் அடுக்கப்பட்டிருந்த கடை அது. வரவு சிறுத்தது, நட்டம் வளர்ந்தது. கடையை விற்றுவிடுவது என்று மிஷன் முடிவு செய்தது. 1844-இல் அதை வாங்கியவர், கடை ஊழியராயிருந்த ஹிக்கின்பாதமே.

நட்டத்தில் ஓடும் கடையை, நட்டம் என்று நன்கு அறிந்த ஊழியரே வாங்குவானேன்? எனக்குத் தோன்றும் காரணம் இது. கணக்கேட்டைப் பார்த்தவர்களுக்கு நட்டம் தெரிந்தது. கடையில் நின்றவருக்கோ, வந்தவர் எந்த நூலைக் கேட்டார், எதைக் கேட்டு இல்லையென்று திரும்பினார் என்பது தெரிந்திருக்கும். அந்த அறிவைப் பேரேட்டில் யாரும் எழுதி வைப்பதில்லை. விற்பவர் விலை சொல்லும்போது அதைச் சேர்த்துக் கொள்வதும் இல்லை.

புத்தக வாணிகம் அன்று எளிய தொழிலாகவும் இருக்கவில்லை. சூயஸ் கால்வாய் திறந்தது 1869-இல்தான். அதுவரை இலண்டனிலிருந்து வரும் பெட்டிகள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, மாதக் கணக்கில் கடலில் மிதந்து வர வேண்டும். அத்தனை நாளும் போட்ட முதல் முடங்கிக் கிடக்கும். வந்து சேர்ந்தபின் ஈரக்காற்றும் கறையானும் காத்திருக்கும். எந்த நூல் விற்கும் என்பதை முன்கூட்டியே கணிக்கத் தெரியாதவன் இத்தொழிலில் ஓராண்டு நிற்க முடியாது. ஹிக்கின்பாதம் நின்றார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் ஆங்கில நூல்களைத் தேடுவோர் தொகையும் பெருகியது. அவர் விற்பவராக மட்டும் இராமல் பதிப்பாளராகவும் ஆனார். வீலர் எழுதிய பழைய சென்னையின் வரலாறு 1861-இல் அவருக்காக அச்சிடப்பட்டது. 1871-இல் கோவர் தொகுத்த தென்னாட்டு நாட்டுப்பாடல் நூலை அவர் நிறுவனம் வெளியிட்டது. நம் பாட்டிமாரின் பாட்டை ஆங்கிலத்தில் ஏற்றி விற்றவர் அவர் என்றால் அது மிகையன்று.

அவர் கடையைப் புகழ்ந்து சென்னை ஆளுநர் டிரவெல்யன் 1859-இல் மெக்காலேக்கு எழுதியதாக ஒரு கடிதத்தை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அதில் விக்டர் ஹியூகோவின் நூல்களும் கடையில் கிடைத்ததாக வருகிறது.  மெக்காலே 1859 டிசம்பரிலேயே மறைந்துவிட்டார். அக்கடிதத்தை நான் நம்பவில்லை.

1875-இல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்தபோது அவருக்குரிய புத்தக வாணிகராக ஹிக்கின்பாதம் நியமிக்கப்பட்டார். 1888-இல் சென்னை நகரின் ஷெரீப் பதவியும் கிட்டியது. 1891-இல் காலமானார்.

உழைப்பால் உயர்ந்தார் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அவர் கடை வாங்கிய அதே 1844-இல், அதே சென்னையில் வேறொரு கொள்முதலும் நடந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. காசுலு லட்சுமிநரசு செட்டியார் சென்னையிலேயே பிறந்த வணிகர். அவர் ‘நேட்டிவ் சர்க்குலேட்டர்’ என்ற பத்திரிகையை விலைக்கு வாங்கி, ‘கிரெசெண்ட்’ என்று பெயர் மாற்றி, அக்டோபர் 2-இல் முதல் இதழை வெளியிட்டார். நாட்டு மக்களின் குறைகளை எடுத்துச் சொல்வதே அதன் நோக்கம். அப்பத்திரிகைக்கான விளம்பரத்தைக் காசு பெற்றுக்கொண்டு கெஜட்டில் போடக்கூட அரசாங்கம் மறுத்துவிட்டது. ஒருவர் கப்பலிலிருந்து இறங்கி வந்தவர். மற்றவர் இவ்வூரிலேயே பிறந்தவர். இருவரையும் அரசாங்கம் நடத்திய முறையை மட்டும் ஒருவனிடம் சொல்லி, இவர்களில் யார் அந்நியர் என்று கேட்டால் அவன் யாரைக் காட்டுவான்? நேட்டாலில் கூடை சுமந்த நம்மவர்களுக்கு, ஆள்வோரின் நிறமும் மொழியும் துணைக்கு வரவில்லை. ஹிக்கின்பாதத்துக்கு வந்தன. அவருடைய திறமையை இதனால் குறைத்து மதிக்க வேண்டியதில்லை; ஆனால் தராசில் இரண்டு தட்டும் உண்டல்லவா?

தந்தைக்குப் பின் மகன் கடையை நடத்தினார். இரயில் நிலையங்களிலும் புத்தகக் கடைகள் எழுந்தன. தென்னாட்டில் வண்டிக்குக் காத்திருந்தபடி முதல் ஆங்கில நாவலை வாங்கியவர்கள் எத்தனையோ பேர். மவுண்ட் ரோட்டில் இன்றும் நிற்கும் உயர்ந்த வெண்ணிறக் கட்டடம் 1904-இல் எழுந்தது. 1925-இல் கடை ஸ்பென்சர் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. பின்பு 1940-களில், நெல்லைச் சீமையிலிருந்து சென்னைக்கு வந்து தொழில் வளர்த்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் அதை வாங்கி அமால்கமேஷன்ஸ் குழுமத்தில் சேர்த்தார். பலகையிலிருந்த பெயரை அவர் மாற்றவில்லை.