லீபிக் பெருமகனார்

இரசாயன நூற்பேரறிஞர் யூஸ்டஸ் லீபிக் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். தந்தையார் சாயமும் மருந்துச் சரக்கும் விற்கும் வணிகர். லீபிக்கிற்கு 13 வயதாயிருந்த 1816-இல் ஐரோப்பாவில் கோடை வெம்மையின்றிப் பயிர் கெட்டு, மக்கள் பசியால் வருந்தினர். பயிரை வளர்ப்பது யாதென்னும் வினாவை அவர் பிற்காலத்தே கைக்கொண்டமைக்கு அஃதும் ஒரு காரணமாதல் கூடுமென்று நாம் கருதுகின்றோம்.

பாரிஸ் மாநகரிற் பயின்று மீண்டு, 21-ஆம் வயதிலேயே கீசென் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். மாணாக்கர் தம் கையாலேயே ஆய்ந்து கற்கும் ஆய்வுக்கூடம் ஒன்றை அங்கு நடாத்தினார். அதன் புகழ் விரிப்பிற் பெருகும்.

மக்கிய தழையே பயிருக்கு உணவென்று அந்நாளிற் பலர் நம்பினர். லீபிக் 1840-இல் வெளியிட்ட நூலில் அதனை மறுத்தார். கரியைக் காற்றினின்றும், சுண்ணம், சாம்பலுப்பு, பாஸ்வரம் முதலியவற்றை மண்ணினின்றும் பயிர் பெறுமென்றார். வேண்டும் பொருள்களுள் எது மிகக் குறைந்துளதோ அதுவே விளைச்சலின் அளவை வரையறுக்கும் என்பதும் அவர் பரப்பிய கொள்கை. இதனை முன்னரே உரைத்தவர் அந்நாட்டினரான ஸ்பிரெங்கல் என்பதை மறத்தல் நன்றன்று.

1845-இல் லீபிக்கின் எரு இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. மழைநீர் அடித்துச் செல்லுமென்றஞ்சி, உப்புக்களை எளிதிற் கரையாவண்ணம் உருக்கிச் சேர்த்திருந்தார். கரையாத உணவை வேர் எங்ஙனம் உண்ணும்? எருவிட்ட குடியானவர் பயன் காணவில்லை. நைட்ரஜன் சத்தை வானமே போதியவளவு தருமென்ற அவர் கூற்றையும் ராதம்ஸ்டெட் வயல்களில் லாஸ் என்பாரும், லீபிக்கிடமே பயின்ற கில்பர்ட்டும் மறுத்துக் காட்டினர். அவர்கள்மீது லீபிக் சொரிந்த கடுஞ்சொற்கள் அவர்க்கு அழகல்ல என்றே சொல்லுவோம். ஆயினும், அவ்வுப்புக்களை மண்ணே பற்றி வைத்துக்கொள்ளுமென்பது தெளிந்தபின், எருவில் நேர்ந்த பிழையை 1862-இல் தம் நூலிலேயே ஒப்புக்கொண்டார். இஃது எளிய செயலன்று. 1873-இல் மியூனிக் நகரிற் காலமானார்.

அவர் அறிந்திராத நுண்சத்துக்கள் பின்னரே புலப்பட்டன. 1923-இல் அதே ராதம்ஸ்டெட்டில் காதரின் வாரிங்டன் என்னும் பெண்மணியார், போரான் இன்றேல் அவரையினச் செடியொன்று செவ்வனே வளராதெனக் காட்டினார். அடுத்த 10 ஆண்டுகளுக்குள் துத்தநாகமும் செம்பும் அவ்வரிசையிற் சேர்ந்தன. ஜெர்மனியில், சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கின் நடுக்குருத்து அழுகும் நோய், மழை பொய்த்த ஆண்டுகளிலே மிக்குத் தோன்றியது. போரான் குறைவே அதன் காரணமென்று 1931-இல் பிராண்டன்பர்க் என்பார் கண்டார். மேல்மண் காய்ந்தவிடத்து வேரால் அச்சத்தை ஈர்த்தல் இயலாது. பிற உரங்கள் எத்துணை இடினும் நீங்காத அந்நோய், வயலிற் சிறிது வெண்காரம் தூவ நீங்கிற்று.