பிலிப் பார்க்கர் கிங்

பிலிப் பார்க்கர் கிங் (டிசம்பர் 13, 1791 - பெப்ரவரி 26, 1856) என்பவர் பிரித்தானியக் கடற்படை அதிகாரியும் கடல் அளவையாளரும் ஆவார். ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா ஆகியவற்றின் கரையோரங்களை அளந்து வரைபடம் ஆக்கியவர் என்றே பெரிதும் அறியப்படுகிறார். அண்டார்க்டிக்காவின் கடற்படுகையில் வாழும் லாட்டர்னுலா எலிப்டிகா என்னும் சிப்பியினத்தை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவரும் இவரே.

இளமை

கிங் நார்போக் தீவில் பிறந்தார். இவருடைய தந்தை பிலிப் கிட்லி கிங் பின்னாளில் நியூ சவுத் வேல்சின் ஆளுநரானவர். சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட கிங், போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கல்விக்கூடத்தில் பயின்று 1807 இல் கடற்படையில் சேர்ந்தார்.

ஆஸ்திரேலியக் கரையோரம்

மாத்தியூ பிளிண்டர்சு அளக்காமல் விட்ட கரையோரப் பகுதிகளை அளக்கும் பணி 1817 இல் கிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 1817 டிசம்பர் முதல் 1822 வரை நான்கு பயணங்களை மேற்கொண்டார். முதல் மூன்றும் மெர்மெய்ட் என்ற 84 டன் சிறுகப்பலில் நிகழ்ந்தன. தாவரவியலாளர் ஆலன் கன்னிங்காம் உடன் சென்றார். பிளிண்டர்சுடன் முன்னர் பயணம் செய்த பழங்குடித் தலைவர் பங்காரியும் முதல் பயணத்தில் இடம்பெற்றார். 1820 இல் கப்பலில் நீர்க்கசிவு ஏற்பட, வடமேற்குக் கரையில் அதைக் கரையேற்றிப் பழுதுபார்த்தனர். அங்கிருந்த பாவோபாப் மரமொன்றில் அவர்கள் செதுக்கிய கப்பலின் பெயரும் ஆண்டும் இன்றும் காணப்படுகின்றன. 1824 இல் கிங் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

தென் அமெரிக்கப் பயணம்

1826 மே மாதத்தில் அட்வெஞ்சர், பீகிள் ஆகிய இரு கப்பல்களும் கிங்கின் தலைமையில் பிளிமவுத்திலிருந்து புறப்பட்டன. மகெல்லன் நீரிணையும் அதனைச் சூழ்ந்த தீவுகளும் அளக்கப்பட வேண்டியிருந்தன. கடுங்குளிரும் ஓயாத புயலும் மாலுமிகளை வாட்டின. பீகிளின் தலைவர் பிரிங்கிள் ஸ்டோக்ஸ் மனச்சோர்வுற்று, 1828 ஆகஸ்டில் பஞ்சத் துறைமுகம் எனப்பட்ட இடத்தில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு, சில நாட்களின் பின் இறந்தார். கிங் அப்பதவிக்கு லெப்டினன்ட் ஸ்கைரிங்கை அமர்த்தினார். ஆனால் ரியோ டி ஜனேரோவில் இருந்த மேலதிகாரி ஆட்வே அதை ஏற்காது, ராபர்ட் பிட்ஸ்ராயை நியமித்தார். பீகிளின் அடுத்த பயணத்தில் சார்லஸ் டார்வினை அழைத்துச் சென்றவர் இந்தப் பிட்ஸ்ராயே. கிங்கின் பரிந்துரை ஏற்கப்பட்டிருந்தால் அந்த வரலாறு வேறுவிதமாக அமைந்திருக்கக் கூடும்.

பயணம் 1830 இல் முடிவுற்றது.

லாட்டர்னுலா எலிப்டிகா

கப்பல் அதிகாரிகள் சேகரித்த ஓடுகளை, நீதிபதியும் இயற்கையியலாளருமான வில்லியம் ஜான் பிராடரிப்பின் துணையுடன் கிங் விவரித்து 1832 இல் வெளியிட்டார். அவற்றுள் அனட்டினா எலிப்டிகா எனப் பெயரிடப்பட்ட மெல்லிய ஓடும் ஒன்று. பின்னர் அது லாட்டர்னுலா என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அதனாலேயே அறிவியற் பெயரின் பின்னால் பெயரிட்டவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகிறது. சில நூல்கள் கிங்கை மட்டும் குறிக்க, வேறு சில பிராடரிப்பையும் சேர்த்துக் குறிக்கின்றன. கிங் ஒருபோதும் அண்டார்க்டிக்காவில் காலடி வைத்ததில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இச்சிப்பி அண்டார்க்டிக்காவைச் சுற்றிலும் சேற்றில் ஆழப் புதைந்து வாழ்கிறது. நீண்ட உறிஞ்சுகுழல்களை மட்டும் மேலே நீட்டி, நீரை வடிகட்டி உணவைப் பெறுகிறது. குழல்கள் பருமனாக இருப்பதால் ஓட்டை முழுமையாக மூட இயலாது. ஆகவே புதைந்திருப்பதே அதற்குக் காப்பு. பனிப்பாறைகள் படுகையை உழுது செல்லும்போது வெளியே எறியப்படும் சிப்பி மீண்டும் புதையாவிடில் இரையாகிவிடும். நீரின் வெப்பநிலை ஓரிரு பாகை உயர்ந்தாலே இத்திறன் குறையத் தொடங்குவதும், 5 பாகை செல்சியசில் முற்றிலும் இழக்கப்படுவதும் 2004 இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. காலநிலை மாற்ற ஆய்வுகளில் இவ்வினம் அடிக்கடி பயன்படுவதற்கு இதுவே காரணம்.

பிற்காலம்

1832 இல் கிங் ஆஸ்திரேலியா திரும்பினார். 1836 சனவரியில் டார்வின் இவரைச் சந்தித்தார். கிங்கின் மகன் அப்போது பீகிளில் பணியாற்றி வந்தார். 1839 முதல் 1849 வரை ஆஸ்திரேலிய வேளாண்மைக் கம்பனியின் ஆணையாளராக இருந்தார். சட்டமன்றத்திலும் அங்கம் வகித்தார். 1855 இல் ரியர் அட்மிரல் தரம் பெற்றார். ஆஸ்திரேலிய மண்ணில் பிறந்து அத்தரத்தை எட்டிய முதல்வர் இவரே. மறு ஆண்டு சிட்னியில் காலமானார். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிங் சவுண்ட் விரிகுடா இவர் பெயரால் அழைக்கப்படுகிறது.